முகமலர்ச்சியும் அதிகாரமும்: ஏர் இந்தியாவின் உயர்வகுப்புச் சேவையும் பணிப்பெண்களின் பணிவிதிகளும்

ஆய்வுச்சுருக்கம்

விமானத்தின் உயர்வகுப்பில் பணிப்பெண் காட்டும் இன்முகமும் கடுமுகமும் அவரவர் இயல்பு சார்ந்தவையாகவே பொதுவாகப் பேசப்படுகின்றன. அவை நிறுவனத்தின் பணிவிதிகளால் வடிவம் பெற்றவை என்பதை ஏர் இந்தியாவின் வரலாற்றுச் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. உபசரிப்பைப் பெண்ணிடமும் பயணியர் அறையின் அதிகாரத்தை ஆணிடமும் ஒப்படைத்த விதிகளும், 1981 முதல் 2011 வரை நீதிமன்றங்களில் அவை அடைந்த மாற்றங்களும் இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஏர் இந்தியா, விமானப் பணிப்பெண், விருந்தோம்பல், பணிவிதி, உணர்வுசார் உழைப்பு, சின்னசேலம்

முன்னுரை

2023ஆம் ஆண்டில் தமிழகத்தின் மாவட்டங்கள் பலவற்றில் ஆட்சியர் அலுவலகங்களிலிருந்து ஒரு செய்திக்குறிப்பு வெளிவந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்ற ஆதிதிராவிடர், பழங்குடியினர் இளைஞர்களுக்கு விமானப் பயணியர் அறைப் பணி, விமான நிலையத் தரைப்பணி ஆகியவற்றுக்கான பயிற்சியைத் தாட்கோ நிறுவனம் தன் செலவில் அளிக்கும் என்பது அதன் சாரம். வயது வரம்பு 18 முதல் 23 வரை. சின்னசேலத்துக்கு வடமேற்கே தெரியும் கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடியினரின் பிள்ளைகளும் இத்தகுதிக்குள் வருபவர்களே. மலையிலிருந்து இறங்கிச் சின்னசேலத்தில் பேருந்து மாறிச் சேலத்துக்கோ சென்னைக்கோ படிக்கச் செல்லும் ஒரு மாணவிக்கு இக்குறிப்பு ஒரு வாசலைத் திறக்கிறது. அந்த வாசலில் எழுதப்பட்டிருக்கும் வயது வரம்பு, பயிற்சித் திட்டத்தின் நிர்வாக வசதிக்காக மட்டும் அமைந்ததன்று. விமானத்தில் பணிபுரியும் பெண்ணின் வயது குறித்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நிலவிவரும் எதிர்பார்ப்பு அதன் பின்னால் இருக்கிறது.

‘விமானப் பணிப்பெண்’ என்னும் சொல்லையே முதலில் நோக்கலாம். தமிழில் பணிதல் என்பது வணங்குதல். பணித்தல் என்பது கட்டளையிடுதல். பணி என்பது வேலை. ஒரே அடியிலிருந்து பிறந்த இம்மூன்றில், வேலையும் வணக்கமும் அப்பெண்ணுக்கு உரியனவாகக் கொள்ளப்பட்டன. கட்டளை மட்டும் வெகுகாலம் அவளுக்கு உரியதாகவில்லை. இக்கட்டுரையின் பொருள் இதுவே.

மகாராஜாவும் அவருடைய விருந்தினரும்

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்த சிறு விமானம் சுமந்தது அஞ்சல் பைகளை. அங்கிருந்து நெவில் வின்சென்ட் அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அஞ்சல் பைக்கு உபசரிப்புத் தேவைப்படவில்லை. டாட்டா ஏர்லைன்ஸ் 1946இல் ஏர் இந்தியா என்னும் பொது நிறுவனமாக மாறியபோது நிலைமை வேறாகியிருந்தது. அவ்வாண்டிலேயே பாபி கூக்காவும் ஓவியர் உமேஷ் ராவும் சேர்ந்து மகாராஜா உருவத்தைப் படைத்தனர். பெருத்த தலைப்பாகை, முறுக்கிய மீசை, மார்பில் கைவைத்துத் தலைதாழ்த்தி வரவேற்கும் நிலை. அரசன் குனிகிறான், பயணச்சீட்டு வாங்கியவன் நிமிர்ந்து நடக்கிறான். சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்தோடு இணையவிருந்த காலத்தில் பிறந்த இந்தக் கேலிச்சித்திரத்தின் அரசியல் தனியே ஆராயத்தக்கது.

1948 ஜூன் 8 அன்று ‘மலபார் பிரின்சஸ்’ என்னும் கான்ஸ்டெல்லேஷன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டனுக்குப் புறப்பட்டது. அப்போது ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களோடு விமான எண்ணிக்கையில் போட்டியிட இயலாத ஏர் இந்தியா உபசரிப்பில் போட்டியிட்டது. 1953இல் விமானத்துறை நாட்டுடைமையாக்கப்பட்ட பின்னரும் தலைவர் பொறுப்பில் நீடித்த ஜே.ஆர்.டி. டாட்டா தம் பயணங்களின்போது தேநீரின் நிறம், இருக்கையின் சாய்வு, பணியாளரின் தோற்றம் வரை குறித்துவைத்து நிர்வாகத்துக்கு அனுப்பும் வழக்கமுடையவர். 1960இல் போயிங் 707 வந்தது. 1971இல் ‘எம்பரர் அசோகா’ என்னும் 747 வந்தது. அதன் மேல்தளத்தில் முதல் வகுப்புப் பயணிகளுக்கு ஓய்வறை அமைந்தது. ‘வானத்தில் ஓர் அரண்மனை’ என விளம்பரம் செய்யப்பட்ட அவ்விமானத்தில் மகாராஜா படத்தில் மட்டுமே இருந்தார். குனிந்து பரிமாறியவர்கள் சேலை உடுத்திய இளம்பெண்கள்.

இவ்வுபசரிப்பைத் தமிழ் மரபின் விருந்தோம்பலோடு ஒப்பிட்டுப் பெருமை கொள்ளும் போக்கு உண்டு. ஒப்பீடு முழுமையாகப் பொருந்துவதன்று. திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் பேசும் விருந்தோம்பல் இல்லறத்தானின் அறம். வீடும் உணவும் அவனுடையவை. முகம் திரிந்தால் விருந்தினர் வாடுவர் என்னும் எச்சரிக்கையும் அவனை நோக்கியதே. உயர்வகுப்பு அறையிலோ விருந்தினர் விலைகொடுத்து வந்தவர், விருந்தளிப்பவர் நிறுவனம், முகமலர்ச்சி மட்டும் மாதச் சம்பளம் பெறும் மூன்றாமவரிடம் கேட்கப்படுகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சீல்ட் டெல்டா நிறுவனத்தின் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட நூலில் இதனை உணர்வுசார் உழைப்பு என வரையறுத்தார். சிரிப்பு முகத்தில் மட்டும் இருந்தால் போதாது, உண்மையாகவே உணரப்பட வேண்டும் என்று பயிற்சியிலேயே வலியுறுத்தப்பட்டதை அவர் காட்டினார். மனத்தையும் பணிநேரத்துக்குள் கொண்டுவரும் இக்கோரிக்கை இல்லறத்தானிடம் வள்ளுவர் வைத்ததைவிடக் கடினமானது. இல்லறத்தானுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையேனும் இருந்தது.

முப்பத்தைந்து வயது

விமானத்தில் பெண்ணைப் பணியமர்த்தும் வழக்கம் தொடங்கியது 1930 மே மாதத்தில். போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தில் எலன் சர்ச் என்னும் செவிலியர் முதலில் பறந்தார். அவரோடு சேர்ந்த மற்றவரும் செவிலியரே. பயணியின் அச்சத்தைத் தணிக்கவும் உடல்நலம் குன்றினால் கவனிக்கவும் அவர்கள் எடுக்கப்பட்டனர். திருமணமாகாதிருத்தல், இளவயது, குறைந்த உடல் எடை ஆகிய நிபந்தனைகள் அப்போதே இருந்தன. பின்னாளில் செவிலியர் தகுதி மறைந்தது. நிபந்தனைகள் நிலைத்தன.

ஏர் இந்தியாவின் பணிவிதிகளில் 46ஆம் விதி இதன் இந்திய வடிவம். அதன்படி பணிப்பெண் 35 வயதில் ஓய்வுபெற வேண்டும். பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்துகொண்டால் அப்போதே விலக வேண்டும். முதல் முறை கருவுற்றாலும் விலக வேண்டும். இவற்றுள் எது முந்துகிறதோ அதுவே பணியின் முடிவு. 47ஆம் விதி நிர்வாக இயக்குநர் விரும்பினால் ஆண்டுதோறும் நீட்டித்து 45 வயது வரை பணியில் வைத்திருக்கலாம் என்றது. அதே அறையில் அதே பயணிகளுக்குப் பரிமாறிய உதவிப் பர்சர் ஆணாக இருந்தால் அவர் 58 வயது வரை பணியாற்றலாம்.

இவ்விதிகளுக்கு நிர்வாகம் கூறிய காரணம்தான் சேவை வரலாற்றில் முக்கியமானது. 1960களில் கோஸ்லா தீர்ப்பாயத்தின் முன் வைக்கப்பட்ட வாதம் இது: பணிப்பெண்கள் பலவகை மனப்பாங்குடைய பயணிகளைக் கையாள வேண்டியுள்ளது, இளமையும் கவர்ச்சியும் உடையவள் சிக்கலான சூழலை மற்றவர்களைவிட எளிதில் சமாளிப்பாள். சினமுற்ற பயணியை அடக்கும் கருவி பணிப்பெண்ணின் அனுபவமோ பதவியோ அன்று, அவளது தோற்றமே என்பது இதன் உட்பொருள். இத்தருக்கத்தின்படி பதினைந்து ஆண்டுகள் பறந்து ஆயிரக்கணக்கான பயணிகளைக் கண்ட பெண், நேற்றுச் சேர்ந்தவளைவிடத் தகுதி குறைந்தவள் ஆகிறாள். வேறெந்தத் தொழிலிலும் இத்தகைய கணக்கு செல்லுபடியாகியிருக்குமா என்பது ஐயமே.

வாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி முர்தசா ஃபசல் அலி எழுதிய தீர்ப்பு, முதல் கருவுறுதலோடு பணி முடியும் என்ற விதியைச் செல்லாததாக்கியது. நீட்டிப்பை நிர்வாக இயக்குநரின் கட்டற்ற விருப்பத்துக்கு விட்ட விதியையும் அரசமைப்பின் 14ஆம் உறுப்புக்கு முரணானது எனத் தள்ளியது. கவர்ச்சி வாதத்தை வெறும் ஊகம் என்றும் பெண்மைக்கு இழைக்கப்படும் அவமதிப்பு என்றும் நம் பண்டைய பண்பாட்டுக்குப் புறம்பானது என்றும் கண்டித்தது. ஆயினும் நான்கு ஆண்டுத் திருமணத் தடை நிலைத்தது. குடும்ப நலத் திட்டத்துக்கு அது உகந்தது என்பதும் காரணங்களுள் ஒன்றாகக் காட்டப்பட்டது. பணிப்பெண்ணும் ஆண் உதவிப் பர்சரும் வெவ்வேறு பணிப்பிரிவினர், ஆதலின் ஓய்வு வயது வேறுபடுதல் பாகுபாடு ஆகாது என்றும் நீதிமன்றம் கருதியது.

இத்தீர்ப்பைப் பெண்ணுரிமை வெற்றியாக மட்டும் கொண்டாடும் கட்டுரைகள் ஒரு நுட்பத்தைத் தவறவிடுகின்றன. பத்து ஆண்டுகளுக்கு முன், 1971இல், அமெரிக்காவின் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறத்தாழ இதே வாதத்தை எதிர்கொண்டது. பயணியர் அறைப் பணிக்குப் பெண்களை மட்டுமே எடுத்துவந்த பான் அமெரிக்கன் நிறுவனம், ஆண் ஒருவருக்கு அப்பணியை மறுத்திருந்தது. பயணிகள் பெண்களையே விரும்புகின்றனர். அச்சமுற்றவரைத் தேற்றுவதில் பெண்களே சிறந்தவர்கள் என்று நிறுவனம் வாதிட்டது. டயஸ் வழக்கு என அறியப்படும் அதில் நீதிமன்றம் பெண்மையின் புனிதத்தைப் பற்றிப் பேசவில்லை. விமான நிறுவனத்தின் சாரமான தொழில் பயணிகளைப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்ப்பது. இனிய சூழல் அதற்குத் துணையானதே. வாடிக்கையாளரின் விருப்பம் பாகுபாட்டுக்கு நியாயமாகாது என்றது. இந்தியத் தீர்ப்பு கவர்ச்சி வாதத்தை மானத்தின் பெயரால் தள்ளியது. அமெரிக்கத் தீர்ப்பு அப்பணி எதற்காக இருக்கிறது என்று கேட்டுத் தள்ளியது. அக்கேள்வி 1981இல் கேட்கப்பட்டிருந்தால் இரு பணிப்பிரிவுகளின் வேறுபாடும் அத்துணை எளிதில் ஏற்கப்பட்டிருக்காது. தீப்பிடித்த விமானத்தின் கதவைத் திறப்பதில் பணிப்பெண், பர்சர் என்ற பிரிவு இல்லை.

அறையின் தலைமை

பாதுகாப்பே சாரம் என்பதற்கு இரங்கத்தக்க சான்று, அவ்வழக்கில் எதிர்வாதம் செய்த அதே பான் அமெரிக்கன் நிறுவனத்தின் விமானத்திலேயே கிடைத்தது. 1986 செப்டம்பர் 5 அன்று பம்பாயிலிருந்து சென்று கராச்சியில் நின்றிருந்த 73ஆம் எண் விமானத்தை ஆயுதம் ஏந்தியோர் கைப்பற்றினர். எச்சரிக்கை கிடைத்ததும் விமானிகள் மேற்புறத் திறப்பின் வழியே வெளியேறினர்; விமானத்தைக் கடத்திச் செல்ல இயலாமற் செய்வதற்கான நடைமுறை அது. எஞ்சியிருந்தவர்களுள் மூத்த பொறுப்பாளர் நீர்ஜா பனோட். இருபத்துமூன்று வயது நிறைய இரண்டு நாள் இருந்தது. அமெரிக்கப் பயணிகளின் கடவுச்சீட்டுகளை மறைக்கச் செய்ததும் அவசரக் கதவு வழியே பயணிகளை வெளியேற்றியதும் அவரது தலைமையின் செயல்கள். அவர் கொல்லப்பட்டார், அசோக சக்கரம் வழங்கப்பட்டது. ஊடகங்கள் அவரது அழகையும் விளம்பர மாதிரியாக அவர் இருந்ததையும் மறவாமல் குறிப்பிட்டன. அவர் வகித்த பதவி மூத்த பர்சர் என்பது குறைவாகவே பேசப்பட்டது.

அக்காலத்து ஏர் இந்தியாவில் பணிப்பெண்ணாகச் சேர்ந்த ஒருவர் பறக்கும் விமானத்தின் மேற்பார்வையாளராக ஆக முடியாது. அப்பதவி பர்சர் வழியில் வந்த ஆண்களுக்கே உரியது. பெண் எத்தனை ஆண்டு மூத்தவரானாலும் விமானத்தில் அவரது பணியை மேற்பார்த்தவர் ஆண். 2005 இறுதியில் நிறுவனம் இதனை மாற்றிப் பெண்களையும் அப்பதவிக்குத் தகுதியுடையோராக்கியது. தமக்குக் கீழ்ப் பணியாற்றியவர்களின் கீழ்ப் பணியாற்ற நேரும் என்று ஆண் பணியாளர் தரப்பு நீதிமன்றம் சென்றது. 2007இல் தில்லி உயர் நீதிமன்றமும் 2011 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் முடிவைச் சரியெனக் கொண்டன.

ஓய்வு வயதின் கதை இதைவிடச் சிக்கலானது. பெண்கள் 50 வயதில் பறத்தலை நிறுத்தித் தரைப்பணிக்கு மாறவேண்டும் என்ற நிலையைப் பம்பாய் உயர் நீதிமன்றம் பாகுபாடு என்றது. 2003இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. மேல்முறையீடு செய்தவர்களுள் பயணியர் அறைப் பணியாளர் சங்கமும் ஒன்று என்பது கவனத்துக்குரியது. பெண்கள் அனைவரும் ஒரே குரலில் பேசவில்லை. ஓய்வுப் பலன்களோடு முன்னரே விலக விரும்பியவர்களும், உயர்பதவியில் நீடிக்க விரும்பியவர்களும் எதிரெதிர் அணிகளில் நின்றனர். பின்னர் அரசின் வழிகாட்டுதலால் 58 வயது வரை பறக்கும் வாய்ப்பு பெண்களுக்கும் கிட்டியது. அதற்குள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்ற நிறுவனங்கள் சேவைப் போட்டியில் முந்தியிருந்தன. பியர் பால்மேன் வடிவமைத்த சரோங் கெபாயா உடையில் ‘சிங்கப்பூர்ப் பெண்’ என்னும் உருவத்தை 1970களிலிருந்து உலகெங்கும் விற்றது அந்நிறுவனம். ஏர் இந்தியாவின் உயர்வகுப்பில் மூத்த பணிப்பெண்கள் பரிமாறுவதை ‘அத்தைகள்’ எனக் கேலி செய்யும் பேச்சு இந்தியப் பயணிகளிடையே பரவியது இப்பின்னணியில்தான். சேவையின் தளர்வுக்கு நிதி நெருக்கடி, பழுதான இருக்கைகள், நிர்வாகச் சீர்கேடு எனப் பல காரணங்கள் இருந்தன. பயணியின் கண்ணில் பட்டதோ பரிமாறியவரின் வயது.

பணிதலும் பணித்தலும்

2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்திடம் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 26 அன்று நியூயார்க்கிலிருந்து தில்லிக்கு வந்த விமானத்தின் வணிக வகுப்பில், மது அருந்தியிருந்த ஆண் பயணி ஒருவர் மூத்த பெண் பயணி ஒருவர்மீது சிறுநீர் கழித்ததாகப் புகார் எழுந்தது. தாம் விரும்பாதபோதும் அந்நபரைத் தம்முன் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்கச் செய்தனர் என்றும், அசுத்தமான இருக்கைக்கே திரும்புமாறு தாம் கேட்டுக்கொள்ளப்பட்டதாகவும் அப்பெண் தம் புகாரில் கூறியிருந்தார். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023 ஜனவரியில் நிறுவனத்துக்கு 30 இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. தலைமை விமானியின் உரிமத்தை மூன்று மாதங்களுக்கு நிறுத்திவைத்தது.

பணியாளரின் மெத்தனம் என்று இந்நிகழ்வு பேசப்பட்டது. அவர்களது தவறு மறுக்கத்தக்கதன்று. ஆயின் மன்னிப்புக் கேட்கவைத்துச் சமாதானம் செய்தல் என்பது எங்கிருந்து வந்த வழிமுறை என்று வினவ வேண்டும். இரு தரப்பும் உயர்வகுப்புப் பயணிகள், இருவரும் விருந்தினர், விருந்தினரிடையே பிணக்கு வந்தால் இன்சொல்லால் ஆற்றுவதே கோஸ்லா தீர்ப்பாயக் காலத்திலிருந்து பயணியர் அறைக்கு எதிர்பார்க்கப்பட்ட திறன். 2017இல் இயக்குநரகம் வகுத்த விதியோ வேறொன்றைக் கேட்கிறது. அது ஒழுங்கீனத்தைச் சொல், உடல், உயிருக்கு ஆபத்து என மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலைக்கு மூன்று மாதம் வரையும், இரண்டாவதற்கு ஆறு மாதம் வரையும், மூன்றாவதற்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ பறக்கத் தடை விதிக்க வழிசெய்கிறது. எச்சரித்தல், தடுத்தல், பதிவுசெய்தல், புகாரளித்தல் என அவ்விதி கோருவது பணித்தலை. எழுபது ஆண்டுகளாகப் பணிதலில் பழக்கப்பட்ட அறையில் அது காகிதத்தில் மட்டும் இறங்கியிருந்தது. உயர்வகுப்பில் இவ்விடைவெளி இன்னும் அகலமானது. அங்கே பயணியை மறுத்துச் சொல்வது நிறுவனத்தின் வருவாயை மறுத்துச் சொல்வதாக எண்ணப்படுகிறது. மது வழங்குவதை எப்போது நிறுத்துவது என்ற முடிவும், கோப்பையை நிரப்புவதே உபசரிப்பு எனக் கற்பிக்கப்பட்டவரின் கையில் இருக்கிறது. மறுத்த பணியாளரை நிர்வாகம் காக்கும் என்ற உறுதி இல்லாதவிடத்தில் மறுப்பு எளிதில் எழாது.

2023 டிசம்பரில் மனிஷ் மல்ஹோத்ரா வடிவமைத்த புதிய சீருடை அறிமுகமானது. சேலை நீடிக்கிறது, எளிதில் உடுத்தும்படி முன்னரே தைக்கப்பட்டு, விரும்புவோர் காற்சட்டையின் மேல் அணியும் வகையில் அமைந்துள்ளது. ஓடவும் கதவைத் திறக்கவும் வேண்டிய உடலை நினைவிற்கொண்ட மாற்றம் இது எனலாம்.

சின்னசேலத்தாருக்கு அருகிலுள்ள விமான நிலையம், ஆத்தூரைக் கடந்து சேலத்துக்கும் அப்பால் ஓமலூர் வட்டம் காமலாபுரத்தில் உள்ளது. உடான் திட்டத்தின்கீழ் 2018 மார்ச்சில் தொடங்கி இடையில் நின்ற சேவை 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. வந்துசெல்லும் ஏ.டி.ஆர். விமானத்தில் முதல் வகுப்பும் இல்லை, வணிக வகுப்பும் இல்லை. எழுபதைச் சற்று மிஞ்சிய இருக்கைகள் ஒரே அறையில் உள்ளன, பணியாளர் இருவர். கதவு சாத்தப்பட்டதும் அவர்கள் இடைவழியில் நின்று முதலில் காட்டுவது அவசர வாயில்கள் எங்கே இருக்கின்றன என்பதை. தண்ணீர் அதற்குப் பிறகே வருகிறது.